தொங்கும் பந்து, ஈர மணல், சுவர்: உதையைத் திருத்தும் துணைக்கருவிகள்

நின்றிருக்கும் பந்தைப் புறங்காலால் ஓங்கி அடிப்பது ஃப்ரீ கிக்கிலும் கோல் கிக்கிலும் பெனால்டியிலும் வரும் உதை. இந்த அத்தியாயம் அந்த ஓர் உதையைத் திருத்திக்கொள்வது பற்றியது. பாஸ் கொடுப்பதும் பந்தை உருட்டிக்கொண்டு போவதும் ஆட ஆடத் தானாகவே மெருகேறும். இந்த உதை அப்படி வராது. ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு இப்படி அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு நாலோ ஐந்தோதான். தப்பு எங்கே நடந்தது என்று நின்று பார்க்க அங்கே நேரமும் இருக்காது. ஆகவே தனியாகப் பழக வேண்டும். தனியாகப் பழகுகிறவருக்கு, பக்கத்தில் நின்று தப்பைச் சொல்ல ஆள் கிடையாது. அந்த வேலையைச் செய்வதுதான் துணைக்கருவி.

காயல்பட்டினத்தில் கால்பந்தை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் பெயரில் நடத்தும் அகில இந்தியப் போட்டியைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அஸர் தொழுதுவிட்டு மைதானத்தில் இறங்கினால் மஃரிப் பாங்கு வரை பந்து ஓயாது. ஆனால் அந்த நேரம் முழுவதும் ஆட்டத்துக்கே போய்விடுகிறது. பழக்கத்துக்கென்று தனியே ஒதுக்குவது குறைவு. நான் கேட்பது வாரத்தில் மூன்று நாள், சுபுஹுக்குப் பிறகு இருபது நிமிடம். ஏன் காலை என்பதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

இந்த உதை தவறினால் எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு நம் நாட்டுக் கதையே இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றது. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள், சாரங்கபாணி ராமன் அருமையாக ஒரு கோல் போட்டார், அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகளும் கிடைத்தன. இரண்டும் கோலாகவில்லை. 11 மீட்டர் தூரம், 7.32 மீட்டர் அகலக் கோல், நின்றிருக்கும் பந்து. ஒரே உதைதான்.

முதலில் உதைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தொடை முதலில் முன்னால் வருகிறது. முழங்கால் மடிந்தே இருக்கிறது. தொடை வேகம் குறையும் நேரத்தில் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி சொடுக்கிக்கொண்டு முன்னால் பாய்கிறது. கணுக்கால் இறுகி, விரல்கள் கீழ்நோக்கி இருக்க, பூட்டின் கயிறு கட்டும் இடம் பந்தில் படுகிறது. கால் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அதற்குள் எதையும் திருத்த முடியாது. பந்து எங்கே போகும் என்பது ஊன்றுகாலை வைத்த இடத்திலேயே, இடுப்பைத் திருப்பிய விதத்திலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. எனவே, கருவி எதுவானாலும் அதனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் செய்த தப்பை இது எனக்கு உடனே, பொய்யில்லாமல் காட்டுகிறதா? காட்டினால் வைத்துக்கொள்ளுங்கள். காட்டாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் மூலையில் போடுங்கள்.

என் அனுபவத்தில் இதற்குச் சிறந்தது, கயிற்றில் தொங்கும் பந்து. கடையில் வாங்க வேண்டியதில்லை. தேய்ந்துபோன, ஆனால் காற்று நிற்கிற 5-ஆம் அளவுப் பந்து ஒன்று வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 4-ஆம் அளவு. சிங்கித்துறையிலோ கொம்புத்துறையிலோ கேட்டால் கழித்துப் போட்ட வலைத்துண்டு கிடைக்கும். கண்ணி சிறியதாகப் பாருங்கள். கண்ணி பெரிதானால் பூட் முனை மாட்டிக்கொள்ளும், கால் சுளுக்கும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டி, நடுவில் பந்தை வைத்து, நாலு மூலையையும் மேலே சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். முடிச்சு பந்தின் உச்சியில், சிறியதாக, நடுவாக இருக்க வேண்டும். முடிச்சு ஒரு பக்கம் சாய்ந்தால் பந்து தொங்கும்போதே சாய்ந்திருக்கும், அது காட்டுவதெல்லாம் பொய்யாகிவிடும். அங்கிருந்து நைலான் கயிறு.

எங்கே கட்டுவது? உறுதியான வேப்பங்கிளை, பூவரசங்கிளை, மாடியிலிருந்து நீட்டிய இரும்புக் குழாய், எதுவானாலும் சரி. தரையிலிருந்து நாலு மீட்டர் உயரமாவது இருக்கட்டும். உயரத்துக்குக் காரணம் இருக்கிறது. கயிறு ஒரு மீட்டர் நீளமென்றால் அடித்த பந்து ஏறக்குறைய ஒரு விநாடியில் திரும்பிக் காலடிக்கு வந்துவிடும். நாலு மீட்டரென்றால் இரண்டு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடி வித்தியாசம் பெரியது. குட்டைக் கயிற்றில் பழகும் பையன் திரும்பி வரும் பந்துக்குப் பயந்து காலைப் பாதியிலேயே நிறுத்தப் பழகிவிடுவான். நீளக் கயிற்றில் காலை முழுதாக வீசி முடித்து, ஓரடி விலகி நிற்க நேரம் இருக்கிறது. நகர்த்திக்கொண்டு போகும் கோல் போஸ்டில் மட்டும் எதையும் கட்டாதீர்கள். தரையில் ஊன்றாத கோல் போஸ்ட் சாய்ந்து விழுந்து குழந்தைகள் உயிரிழந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

பந்தின் அடிப்பாகம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கயிற்றை முடியுங்கள். புதுக் கயிறு முதல் வாரத்தில் இழுபடும், பந்து மணலில் உரசும். மறுபடி ஏற்றிக் கட்டுங்கள். கடைசியாக, கரண்ட் வேலைக்காரர்கள் சுற்றும் கறுப்பு டேப்பை வலைக்கு மேலேயே பந்தின் மேலிருந்து கீழாக ஒரு வளையமாக ஒட்டுங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த வளையம் ஒரு நேர்கோடாகத் தெரிய வேண்டும். தரையில் பந்துக்கு நேர் கீழே, அடிக்கும் திசையில், குச்சியால் ஒரு நீளக் கோடு இழுங்கள்.

இப்போது அடித்துப் பாருங்கள், பாதி வேகத்தில். பந்து கோட்டின் மேலேயே போய்க் கோட்டின் மேலேயே திரும்பி, டேப்பும் நேர்கோடாகவே இருந்தால், கால் பந்தின் நடுவில் பட்டிருக்கிறது. டேப் சுழன்றால் பக்கத்தில் பட்டிருக்கிறது. வலங்காலால் அடிப்பவருக்குப் பெரும்பாலும் நடப்பது, பந்தின் வலப்பக்கத்தில் பட்டு, பந்து கோட்டை விட்டு இடப்பக்கம் போவதுதான். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். கால் நேராக முன்னால் போகாமல் உடம்புக்குக் குறுக்கே வீசப்படுகிறது என்று அர்த்தம். ஓடி வரும் கோணம் மிக அகலமாக இருக்கலாம், ஊன்றுகாலின் விரல்கள் இலக்கைப் பார்க்காமல் திரும்பியிருக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி அடியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது திருத்தியது என்று தெரியாது. சுழற்சியே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1997-இல் லியோன் நகரில் பிரான்ஸுக்கு எதிராக பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக், பந்தின் நடுவை வேண்டுமென்றே விட்டு அடித்ததால்தான் அப்படி வளைந்தது. நடுவில் அடிக்கத் தெரிந்தவருக்குத்தான் நடுவை எவ்வளவு விடுவது என்பது கைவசமாகும்.

வேகம் பற்றி ஒன்று. இதைப் பழகும் பையன்கள் சில நாளில் சொல்வது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: “காக்கா, மெதுவா அடிச்சா நேராப் போவுது. வேகமா அடிச்சா சுத்துது.” அதற்குப் பதில்: “எந்த வேகத்துல சுத்த ஆரம்பிக்குதுன்னு பாரு தம்பி. அதுக்கு ஒரு படி கீழ நின்னு பழகு.” தப்பு தலைகாட்டும் வேகம் எது என்று தெரிந்துகொள்வதுதான் தொங்கும் பந்து தரும் மிகப் பெரிய உதவி. அந்த வேகத்துக்குச் சற்றுக் கீழே நின்று, உதை நிதானப்பட்ட பிறகு ஒரு படி ஏற்றுங்கள். முழு வேகத்தில் இதை அடிக்க வேண்டாம்; பந்து கிளையைச் சுற்றிக்கொள்ளும், எதுவும் தெரியாது.

காலையில் பழகச் சொன்னதற்குக் காரணம் காற்று. மாலையில் கடற்காற்று எழுந்துவிட்டால் பந்து அசையாமல் நிற்காது. தென்மேற்குப் பருவக் காலத்தில் மேல்காற்று பகலெல்லாம் பிய்த்துக்கொண்டு அடிக்கும். சுபுஹு நேரத்தில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

இந்தக் கருவியால் காட்ட முடியாத ஒன்று உண்டு. கயிற்றில் கட்டிய பந்து எப்படி அடித்தாலும் வளைந்து மேலேதான் ஏறும். ஆகவே பந்து மைதானத்தில் உயரமாகப் போகுமா, தாழ்ந்து போகுமா என்பதை இது சொல்லாது. வானத்துக்கு அடிக்கிற பழக்கம் உள்ளவருக்கு இது உதவாது. அவர் கடற்கரைக்குப் போக வேண்டும்.

அலை வந்து திரும்பிய ஈர மணல் இறுகிச் சமமாக இருக்கும். நன்றாகச் சமமாக்கிய மைதானத்தில்கூட இல்லாத ஒரு வசதி அதில் இருக்கிறது: கால் பட்ட இடம் அப்படியே பதிந்துவிடும். பந்தை வைத்தால் அடியில் சின்னக் குழி விழும். கரையோரமாக, கடலுக்கு இணையான திசையில் அடியுங்கள். கடலைப் பார்த்து அடித்தால் பந்தைத் தேடி நீந்த வேண்டியிருக்கும். அடித்த பிறகு பந்தைப் பார்க்காதீர்கள். திரும்பி வந்து மணலைப் பாருங்கள்.

ஊன்றுகாலின் தடம் பந்து இருந்த குழிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். குழிக்குப் பின்னால் தங்கிவிட்டிருந்தால் கால் பந்தின் அடியைக் கோதித் தூக்குகிறது; பந்து உயரப் போவதற்கு முதல் காரணம் இதுதான். குழிக்கும் தடத்தின் உள்விளிம்புக்கும் இடையே நாலு விரற்கடைக்குக் குறையக் கூடாது, ஒரு சாணைத் தாண்டக் கூடாது. குறைந்தால் உதைகாலுக்கு வீச இடமில்லை. கூடினால் உடம்பு பந்தை எட்டிப் பிடிக்கச் சாய்கிறது. அடுத்து, தடத்தின் திசை. விரல்கள் இலக்கைப் பார்க்கின்றனவா என்று குச்சியால் கோடு இழுத்துப் பாருங்கள். கொடைக்கானலிலும் உதகையிலும் கோல்ஃப் ஆடுபவர்கள் தங்கள் வீச்சைச் சரிபார்க்கத் தரையில் ஒரு குச்சியைக் கிடத்தி, அதற்கு இணையாகப் பாதங்களை வைத்துப் பழகுவார்கள். அதே உபாயம்தான் இது. மூன்றாவது, ஆழம். குதிகால் மட்டும் ஆழமாகப் புதைந்து விரல்பக்கம் லேசாகப் பதிந்திருந்தால் உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. நெஞ்சு பந்துக்கு மேலே வரும்படி அடித்தால் தடம் குதிகாலிலிருந்து விரல் வரை ஒரே சீராகப் பதியும். இந்த வேறுபாட்டை விளக்கிப் பத்துப் பக்கம் எழுதலாம். இரண்டு தடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு ஒரு நிமிடத்தில் புரியும்.

கடற்கரை மணலிலிருந்து உயர்ந்த ஆட்டக்காரர்கள் நம் பக்கத்தில் உண்டு. குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிக்கே ஆடியவர். ஆனால் மேலே உள்ள காய்ந்த, புதையும் மணலில் நீண்ட நேரம் உதை பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊன்றுகால் ஒவ்வொரு முறையும் சறுக்கும், கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் இழுபடும். ஓட்டத்துக்கு அது நல்லது. உதைக்கு ஈர மணல் மட்டும். வெறுங்காலோடு பழகினால் பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். சட்டப்படியான அழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை, அதில் கீழ் எல்லை போதும். அடிப்பதற்கு முன் அந்த இடத்தில் கிளிஞ்சல், கண்ணாடித் துண்டு, தூண்டில் முள் கிடக்கிறதா என்று ஒரு முறை நடந்து பாருங்கள்.

சுவரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. தரையிலிருந்து 2.44 மீட்டரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டால் அதுதான் கோலின் மேல்கம்பி. கோட்டுக்கு மேலே பட்டால் வெளியே, கீழே பட்டால் உள்ளே. உயரத்தைத் திருத்த ஈர மணலும் சுவரும் சேர்ந்து வேலை செய்யும்: சுவர் தப்பைச் சொல்லும், மணல் காரணத்தைச் சொல்லும். கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன் சின்ன வயதில் பௌரல் ஊர் வீட்டில் கோல்ஃப் பந்தை ஒரு ஸ்டம்பால் தண்ணீர்த் தொட்டியின் வளைந்த செங்கல் அடித்தளத்தில் அடித்துப் பழகியது பலருக்கும் தெரிந்த செய்தி. கவனிக்க வேண்டியது, அந்தச் செங்கல் பந்தை ஒரே மாதிரித் திருப்பி அனுப்பவில்லை என்பது. சமமான சுவர் கிடைக்காமல் கரடுமுரடான சுவர்தான் கிடைக்கிறதென்றால் கவலைப்படாதீர்கள். திரும்பி வரும் பந்தை அடக்கும் பழக்கமும் கூடவே வரும். வீட்டுச் சுவரென்றால் அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு அடியுங்கள். மதியம் தூங்கும் நேரத்தில் வேண்டாம்.

குறி பார்க்க டயர். தரையில் நன்றாக ஊன்றிய கோல் போஸ்டின் மேல்மூலையில் பழைய டயரைக் கட்டித் தொங்கவிடுங்கள். பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். 17 அங்குல பைக் டயரின் துவாரம் 43 சென்டிமீட்டர், ஏறக்குறைய பந்தைப் போல இரண்டு மடங்கு. 20 அங்குல லாரி டயரில் தொடங்கி, பிறகு பைக் டயருக்கு வரலாம். 10 அங்குல ஸ்கூட்டர் டயர் வேண்டாம். அதில் பந்து நுழைய மூன்று சென்டிமீட்டர்தான் மிச்சம், மனம்தான் நொந்துபோகும். உதை நேராகாதவரை டயரைத் தொடவே வேண்டாம். தப்பான உதையோடும் நாலில் ஒன்று டயருக்குள் போகும். அந்தத் தப்பே பழக்கமாகிவிடும்.

இடுப்பில் பெல்ட் கட்டி, ரப்பர் கயிற்றில் பந்தை மாட்டி அடிக்கும் ஒரு சாமான் விற்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் பந்தைத் தொட்டுப் பழகுவதற்குப் பரவாயில்லை. ஓங்கி அடிக்கும் உதைக்கு அதை வாங்காதீர்கள். ரப்பர் இழுத்துப் பந்தை எப்படி அடித்தாலும் காலடிக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். நல்ல உதையும் கெட்ட உதையும் ஒரே மாதிரித் திரும்பி வரும் கருவியால் என்ன தெரிந்துகொள்ள முடியும்? கையில் உள்ள மொபைல் அதைவிட மேல். ஸ்லோ மோஷனில் ஒரு முறை பின்னாலிருந்தும் ஒரு முறை பக்கத்திலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஒவ்வொரு உதையையும் பார்க்கத் தொடங்கினால் அடிப்பதைவிடப் பார்ப்பதற்கே நேரம் போகும்.

இருபது நிமிடத்தை இப்படிச் செலவிடலாம். ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள், இடுப்பையும் தொடையின் உள்பக்கத்தையும் குறிப்பாக. பிறகு தொங்கும் பந்தில் பத்து உதை. உடனே கயிறில்லாத பந்தில் பத்து உதை. மறுபடி தொங்கும் பந்தில் ஐந்து, வெறும் பந்தில் பத்து. தொங்கும் பந்திலேயே முப்பத்தைந்தையும் அடித்துவிடாதீர்கள். கருவி ஒவ்வொரு முறையும் விடை சொன்னால், கால் தானாக உணர்வதை நிறுத்திவிடும். வெறும் பந்தை அடித்தவுடன், அது விழும் இடத்தைப் பார்ப்பதற்கு முன், பந்தின் எந்தப் பக்கத்தில் கால் பட்டது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொன்னது பெரும்பாலும் சரியாக வரத் தொடங்கும் வாரத்தில் கயிற்றுப் பந்தைப் பத்திலிருந்து மூன்றாகக் குறையுங்கள். நோன்பு மாதத்தில் ஓங்கிய உதையை நிறுத்திவைத்து, சுவரில் உள்பாதத்தால் மெதுவாகத் தட்டுவதோடு இருந்துகொள்ளலாம்.

பிள்ளைகளுக்குப் பழக்கிவிடும் வாப்பாமார்களுக்கும் காக்காமார்களுக்கும் இரண்டு எச்சரிக்கை. பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் சட்டென்று வளரும் பையன் முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டி நிற்கிற இடத்தில் வலிக்கிறது என்று சொன்னால், சோம்பலுக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வளரும் எலும்பில் தொடைத் தசை இழுப்பதால் வரும் வலி அது. உதையை நிறுத்தி, மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றொன்று, தொங்கும் பந்தை ஏற்றிக் கட்டினால் ஹெட்டிங் பழகலாம் என்று பலருக்கும் தோன்றும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் செய்யாதீர்கள். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015-இல் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தலையால் முட்டுவதைத் தடுத்தது. இங்கிலாந்திலும் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது கிடையாது. கயிற்றுப் பந்து திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்துகொண்டே இருக்கும். பிள்ளை ஆர்வத்தில் எண்ணிக்கையே தெரியாமல் முட்டிக்கொண்டிருக்கும்.

பராமரிப்பு. உப்புக் காற்றில் இரும்புக் கொக்கி ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. கொக்கி போடாமல் கயிற்றையே கிளையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். கிளையில் கயிறு உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் கயிறும் அறாது, பட்டையும் காயப்படாது. நைலான் வெயிலில் நாளடைவில் விறைத்துப் பொடியும். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள், ஒட்டினால் மாற்றிவிடுங்கள். டேப் தளர்ந்தால் உடனே புதிதாக ஒட்டுங்கள். பழகி முடித்ததும் பந்தைக் கை எட்டாத உயரத்துக்குச் சுருட்டிக் கட்டிவிட்டு வாருங்கள்; தெருவில் போகும் குழந்தை யாராவது அதில் தொங்கி ஆடப் பார்க்கும்.